மீசைக்காரன் மேல் விழுந்த பழி

டீச்சர்,

இன்று காலை பேட்டை பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் புதிதாக வந்திருந்த துப்பறியும் சித்திரக்கதை ஒன்றைப் பிரித்து முகர்ந்தேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். மட்டக் காகிதமும் மையும் கலந்த அந்த வாசனை வந்தாலே எனக்கு உங்கள் நினைவுதான். தொண்ணூறுகளில் நாம் இருவரும் அடுத்தடுத்த அறைகளில் பாடம் நடத்திய நாட்கள்தான்.

உவரிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த உங்களுக்கு எட்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். பாதிப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வயதில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் வெட்கத்தில் வாயே திறக்க மாட்டார்கள் என்று, கொலை, கொள்ளை என்று சித்திரக்கதைகளாக வாங்கி வந்தீர்கள். ஆசிரியர் அறையில் சிரிக்காதவர் இல்லை. பிள்ளைகளோ உங்களையே ஏய்த்தார்கள். படத்தை மட்டும் புரட்டிவிட்டு, மீசைக்காரன்தான் திருடன் என்று அடித்துச் சொன்னார்கள். அப்புறம்தான் நீங்கள் அந்தச் சட்டம் போட்டீர்கள்: யார் மேல் பழி சொன்னாலும், அதற்குச் சாட்சியான வரியில் விரலை வைத்துப் படித்துக் காட்ட வேண்டும்.

இசக்கியம்மாளின் அப்பா வந்த நாள் நினைவிருக்கிறதா? மகளின் படிப்பை நிறுத்த வந்திருந்தார். "எட்டாங்கிளாஸ் வந்தும் எழுத்துக்கூட்டிக்கிட்டுதான் இருக்கா. வீட்டுல இருந்து பீடி சுத்தட்டும் டீச்சர்." நீங்கள் வாதாடவே இல்லை. அவள் அதுவரை பார்த்திராத கதை ஒன்றை எடுத்து நீட்டினீர்கள். "படிட்டி. பைய படி."

திக்கித் திக்கிப் படித்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் அவர் படத்தை எட்டிப் பார்த்து, "இந்த மீசக்காரப் பயதான் எடுத்திருக்கான்" என்றார்.

அவள் நிமிரக்கூட இல்லை. "எப்பா, எந்த வரியில இருக்கு? விரல வைங்க."

அவருக்கு எழுத்துத் தெரியாது. அவர் முகம் மாறியதைப் பார்த்து, அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். அவரோ மகளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "சரிட்டி, நீயே வாசி. பெறவு யாருதான் எடுத்தது?"

வீட்டு வைத்தியர்தான் திருடன் என்று தெரிந்ததும் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "நாளைக்கும் வருவா டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் சுத்தமாக இருந்த கரும்பலகையைத் திரும்பவும் துடைத்தீர்கள். அழுதீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு உங்கள் வகுப்பு எனக்கு வந்தது. எழுத்துக்கூட்டும் பெரிய பிள்ளையைப் பார்த்து யாராவது "இனி இது தேறாது" என்றால், எனக்கு இன்றும் சுள்ளென்று கோபம் வருகிறது. முன்பெல்லாம் எனக்கு இப்படிக் கோபம் வராது. இந்தக் கோபம் உங்களிடமிருந்து எனக்கு வந்தது, டீச்சர். நன்றாகவே வேலை செய்கிறது.