ஒரே சிட்டத்து நூல்

டீச்சர்,

போன வெள்ளிக்கிழமை, மகள் வயிற்றுப் பேத்திக்குத் தொட்டில் போட்ட அன்று, வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது வெற்றிலைத் தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டேன். பித்தளைத் தாம்பாளம், சிமெண்டுத் தரை, தொட்டிலுக்குச் சரியாகப் பின்னால். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி அடங்குவதற்குள் தெரு நாய்கள் குரைக்க ஆரம்பித்துவிட்டன. குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது, வீறிட்டு அழுதது. "ஒரு தாம்பாளத்தப் புடிக்கத் தெரியல, இந்தக் கையாலதான் பட்டு நெய்யறாராம்" என்றாள் என் மனைவி. குழந்தை அழ அழ நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதில்தான் எல்லோருக்கும் இன்னும் கோபம்.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கூடவே நீங்களும் இருக்கிறீர்கள். நீங்கள் இறந்துபோன செய்தியை என் மகள் சுலோச்சனா போன மாதம்தான் எழுதியிருந்தாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பழைய வழக்கப்படி சிவப்பு மையில் சுழித்துவிடுங்கள்.

நீங்கள் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த வருஷம் சுலோச்சனா பத்தாவது, உங்களிடம்தான் அறிவியல். ஜீரணப் பாடம் நடத்திய அன்று நீங்கள் புத்தகத்தைத் திறக்கவே இல்லையாம். அவரவர் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள் என்றீர்களாம். இட்லி கொண்டுவந்தவள், ரொட்டி கொண்டுவந்தவள், எல்லோரும் மென்றார்கள். தாமல் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், தினமும் மூடியால் மறைத்துக்கொண்டு கேழ்வரகுக் களி தின்பவள், "களிய யாரும் மெல்ல மாட்டாங்க டீச்சர், முழுங்குவாங்க" என்று சொல்ல, வகுப்பு சிரித்தது. "இன்னிக்கு ஒரு நாள் எனக்காக மென்னு பாரு" என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் எல்லார் வாயிலும் ஒரே இனிப்பு. "எச்சில் எந்த வீட்டுச் சோறுன்னு கேக்கறதில்லை" என்று மட்டும் சொன்னீர்களாம். மறுநாளிலிருந்து அந்தப் பெண் டப்பாவை மறைக்கவில்லை.

சுலோச்சனா அன்று ராத்திரி எங்களையும் மெல்ல வைத்தாள். எனக்கு இனிப்பதற்குள் குழம்பு ஆறிவிட்டது. ஆனாலும் உங்கள் மேல் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதை பரம்பரைப் பாடம் வரைக்கும்தான்.

எங்கள் வீட்டு உறவு உங்களுக்குத் தெரியும். நான் கட்டியது என் அக்கா மகளை. சண்டை வந்தால் என் மனைவி தன் அம்மாவிடம் போய்ச் சொல்வாள், நான் என் அக்காவிடம் போய்ச் சொல்வேன்; இரண்டு புகாரும் ஒரே ஆளிடம் போகும். மூத்தவன் முருகேசனுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. அவனைச் சுமந்திருந்தபோது கிரகணத்தன்று அவள் கத்திரிக்காய் நறுக்கியதுதான் காரணம் என்று தெருவே சொன்னது. அவளும் நம்பினாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் கத்திரிக்காய் வரவில்லை. சுலோச்சனாவையோ அக்காவின் மகன் தனபாலுக்கு என்று தொட்டிலிலேயே பேசிவைத்திருந்தோம். தனபால் என் மனைவியின் தம்பி, சுலோச்சனாவுக்குத் தாய்மாமன்.

பரம்பரைப் பாடம் நடத்திய அன்று சுலோச்சனா வந்து, "அண்ணனுக்குக் காது கேக்காததுக்குக் கிரகணம் காரணமில்லம்மா, சொந்தத்துல கட்டனதா இருக்கலாம்" என்றாள். என் மனைவி சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

"எங்க வூட்டுக் கல்யாணத்தப் பத்தி வகுப்புல பேசறீங்களாமே" என்று கத்தினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர் நீங்கள். எழுந்து நின்றுதான் பதில் சொன்னீர்கள்.

"யார் வீட்டையும் பேசலைங்க. என் வகுப்புல பாதிப் பேர் வீட்ல மாமன், அத்தை உறவுதான். எங்க அப்பா அம்மாவும் அப்படித்தான்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சேன். ஒருத்தரும் தலை குனியக் கூடாது பாருங்க."

பிறகு கரும்பலகையைக் காட்டினீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தறியை வைத்துச் சொன்னீர்களாம். நீளவாக்கில் ஓடும் சிவப்புப் பாவில் குறுக்கே வெள்ளை ஊடை போட்டு நெய்தால் சிவப்பு மட்டும் தெரியும், வெள்ளை மறைந்திருக்கும், குணமும் அப்படித்தான் என்று படம் போட்டிருந்தது.

எனக்கு வந்த கோபம் மறந்துபோய் வேறு கோபம் வந்துவிட்டது. "எந்த ஊர்ல டீச்சர் அப்படித் தெரியும்? செவப்புல வெள்ள போட்டா ரோசா மினுக்கும். ரெண்டும் தெரியும். இதக் காஞ்சிபுரத்துல வந்து சொல்றீங்களே."

நீங்கள் சாக்பீசை என் கையில் கொடுத்தீர்கள். "அப்போ நீங்களே சொல்லுங்க. கோளாறு உள்ளே இருக்கணும், வெளியே தெரியக் கூடாது. தறியில அப்படி என்ன இருக்கு?"

நான் பெரிய வாத்தியார் மாதிரி பலகையில் கோடு கிழித்தேன். "பாவு இழை ஒத்த இழை இல்ல டீச்சர். ரெண்டு புரி முறுக்கினது. ஒரு புரி நைஞ்சிருந்தாலும் இன்னொண்ணு தாங்கிக்கும், இழை அறாது, துணியப் பாத்தா தெரியாது. ரெண்டு புரியும் ஒரே எடத்துல நைஞ்சிருந்தா அறும்."

"ரெண்டும் எப்போ அப்படி வந்து சேரும்?"

"அபூர்வம். ரெண்டு புரியும் ஒரே சிட்டத்துலேர்ந்து, அதான் ஒரே நூல் கண்டுலேர்ந்து எடுத்தா, அந்தச் சிட்டத்துல நைஞ்ச நூல் இருந்தா..."

அதற்கு மேல் கை ஓடவில்லை. நான் வந்த சிட்டமும் என் மனைவி வந்த சிட்டமும் ஒன்று. தனபாலும் அதே.

"எப்பவும் அறுமா?" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

"எப்பவும் இல்ல. நெறய தடவ நல்லாவே போவும்."

"நானும் அதையேதான் சொல்றேன். ஆனா ஏற்கெனவே ஒரு தரம் அறுந்திருந்தா?"

"மறுபடியும் அதுலயே எடுக்க மாட்டோம்."

"அறுந்ததுக்கு நெசவாளி மேல தப்பு சொல்வீங்களா?"

"அவன் என்னா பண்ணுவான்."

"அப்போ வீட்டம்மாவையும் விட்டுடுங்க" என்றீர்கள். கிரகணக் கதையைச் சுலோச்சனா உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் மனைவிக்கு நூலை வைத்தே முறுக்கிக் காட்டினேன். பாதி என்னிடமிருந்து, பாதி உன்னிடமிருந்து என்றேன். அவள் அந்த நூலை வாங்கிப் புரி பிரித்துப் பார்த்தாள். "அப்போ அந்தக் கத்திரிக்கா?" என்றாள்.

"கத்திரிக்கா பாவம், அது என்னா பண்ணும்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு உறுதியாக ஒன்று சொன்னாள். "சுலோச்சனாவ அங்க குடுக்க வேணாம் மாமா. ஆனா காரணத்த எங்கம்மா கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. முன்ன நின்னு நமக்குக் கட்டி வெச்சதே அவங்கதான். தாங்க மாட்டாங்க."

முருகேசனை எதற்காகவும் நான் வேறொருவனாக மாற்றிக்கொள்ள மாட்டேன். தறியில் இழை அறுவதை விரல் நுனியிலேயே கண்டுபிடிக்கிறவன் அவன். நான் கண்ணாடி போட்டும் தேடுகிறேன். ஆனால் தெரிந்தே மகளை அந்தச் சிட்டத்தில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அக்கா வந்து நின்றாள். "ஏண்டா, எம் புள்ளைக்கு என்னா கொற? குடிக்கிறானா, ஊர் சுத்திக்கினு இருக்கானா?"

"தங்கமான புள்ளக்கா."

"அப்பறம்?"

"பொண்ணு மேல படிக்கட்டும். அப்பறம் வெளிய பாக்கறேன்."

"பவிசு வந்துடுச்சு உனுக்கு."

"வந்துடுச்சுக்கா" என்றேன். ஒருத்தரையும் தலை குனிய வைக்காமல் சொல்ல உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது என் தலையைக் குனிந்துகொள்வதுதான். அக்கா அன்று என்னோடு பேச்சை நிறுத்தியவள், ஆறு வருஷம் பேசவில்லை. அதற்குள் தனபாலுக்கு வேறு இடத்தில் முடிந்தது, நன்றாக இருக்கிறான். சுலோச்சனா டிரெயினிங் முடித்து டீச்சரானாள். ஆரணியில், எங்களுக்கு எந்த ஒட்டும் இல்லாத வீட்டில் கொடுத்தோம். அறிவியல் நடத்துகிறாள். இரண்டு புரிக் கதையைத் தன் வகுப்பில் சொல்கிறாளாம், ஆனால் அதைச் சொன்ன நெசவாளி சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டிருந்ததையும் சேர்த்து. அன்று கையோடு கொண்டுவந்துவிட்ட உங்கள் சாக்பீஸ் துண்டு இன்னும் என் தறிப் பக்கத்து மாடத்தில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அக்கா வந்திருந்தாள். தாம்பாளம் விழுந்தபோது எல்லோரும் திரும்பினார்கள். முருகேசன் மட்டும் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான். அக்கா அவனைப் பார்த்தாள். வீறிட்டு அழுகிற குழந்தையைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை பொறுக்க ஆரம்பித்தாள்.

"கை நடுங்குதாடா உனுக்கு?"

"ஆமாக்கா. வயசாவுதில்ல."

நடுங்கவில்லை அக்கா, வேண்டுமென்றேதான் போட்டுப் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை.