ஜெபின் விட்டுப்போன கால்குலேட்டர்

செவ்வாய், இரவு

ஆமாம், அந்தக் கால்குலேட்டரைச் சிரித்துக்கொண்டேதான் வாங்கி வைத்தேன். நாளைக்கு ஜெபினுக்குக் கணக்கு அரியர் பரீட்சை, நாலாவது தடவை. காலேஜைப் பாதியில் விட்ட நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சாயங்காலம் நெய்யூரிலிருந்து வந்தவன் நோட்டைத் திறக்கவேயில்லை. கால்குலேட்டரை மேசையில் வைத்தான்.

“அண்ணே, இது இங்க இருக்கட்டு. அடுத்த பயலுவளுக்கு ஆவும்.”

“ஏலே மக்கா, நாளைக்கு வெரல விட்டா எண்ணுவ?”

“நாளைக்கு எனக்கு வேண்டாம்ணே.”

வேறு வைத்திருப்பான் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். அரியர் பாஸானவன் கால்குலேட்டரை அடுத்தவனுக்கு விட்டுப்போவது எங்கள் வழக்கம். பரீட்சைக்கு முன்னால் யாரும் கொடுத்ததில்லை. அது இப்போதுதான் உறைக்கிறது.

எழுதிக்கொண்டே கால்குலேட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே அவனுடைய ஹால் டிக்கெட், நாலாக மடித்து. அவன் போனுக்கு அடித்தால், அணைத்து வைத்திருக்கிறான். அவன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“என்ன மக்கா? அவன் ஒனக்க வீட்டுல தங்கிப் படிக்கான்னுல்லா சொன்னான்?”

“ஆமா, படிக்கான்” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும். பைக் சாவி கையில் இருக்கிறது. நான் அவனைத் தேடிப் போகணும்.