சாவியைத் திருப்ப ஒருவர்

என் பிடிவாதக்காரிக்கு,

மகள் வீட்டில் சௌகரியமாக இருப்பாய். இங்கே எனக்கும் ஒரு குறையுமில்லை.

நம் குட்டி டிராக்டர்தான் பாதி உழவில் நின்றுவிட்டது. டீசல் அளவு காட்டும் முள் பழுதாகி ஏழு வருஷம். தினமும் டாங்கில் குச்சியை விட்டு அளவு பார்த்தது நீ என்பது, டீசல் சொட்டுகூட இல்லாமல் தீர்ந்த பிறகுதான் உறைத்தது.

ஊற்றியும் கிளம்பவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"டீசல் லைன்ல காத்து பூந்திருக்கும். ஒருத்தர் சாவியத் திருப்பிப் புடிக்கட்டும், நீங்க நட்டைத் தளர்த்திக் காத்தை வெளிய விடுங்க. அக்கா இருக்காங்கல்ல?"

"உள்ள வேலையா இருக்கா," என்றேன்.

சாவியை விட்டால் செல்ஃப் மோட்டார் நின்றுவிடுகிறது. பிடித்துக்கொண்டிருந்தால் நட்டு எட்டாது. நான்கு முறை ஏறி இறங்கினேன். சீட்டை நீ முன்னால் தள்ளி வைத்தபடியே விட்டிருக்கிறேன். முட்டி ஸ்டியரிங்கில் இடித்து வீங்கிவிட்டது.

பக்கத்து வயல்காரரைக் கூப்பிடலாம். வந்தால் முதலில் உன்னைத்தான் விசாரிப்பார்.

"நீ போனா இங்க எதுவும் நின்னுடாது" என்று அன்று கத்தினேன். டிராக்டர் மூன்று நாளாக வயல் நடுவில் நிற்கிறது. மெக்கானிக் நாளையும் அக்கா இருக்காங்களா என்று கேட்பார். நீ உள்ளேதான் இருக்கிறாய் என்று சொல்வேன்.

உன் வீட்டுக்காரன்