ஆண்டுக்கு ஒரு நாள் வரும் பிள்ளைகள்

ஜூலை 8, 1974. திங்கள்.

காலையிலிருந்து ஒரே காற்று. வேலந்தாவளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்திக்கொண்டு நடந்தேன்.

கேரள எல்லையோரத் தமிழ்ப் பள்ளியில் தலையெண்ணல். ஆண்டுக்கு ஒருமுறை உதவிக் கல்வி அதிகாரி (ஏ.ஈ.ஓ.) நேரில் வந்து பிள்ளைகளை எண்ண வேண்டும், அதாவது நான். தலை குறைந்தால் ஒரு டீச்சர் வேலை போகும். இங்கே போனால் தங்கமணி டீச்சருக்கு.

ஒரு தலைகூடக் குறையவில்லை. அதுதான் உறுத்தியது. கடைசி பெஞ்சில் நாலு பேர். வழிய வழிய எண்ணெய், மடிப்புக் கலையாத உடுப்பு, புத்தகம் இல்லை. காற்றில் ஜன்னல் படாரென்று அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள். சரசு என்ற ஒன்பது வயதுப் பெண் மட்டும் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்மாஸ்டர்: “கூச்சமுங்க மேடம்.”

கூச்சமாம்.

வெளியே மரத்தடியில் அவள் அம்மா மயிலாத்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, “எண்ணி முடிஞ்சுதுங்களா? புள்ளையக் கூட்டீட்டுப் போலாமுங்களா?”

ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. நாலு வருஷமாக இப்படித்தானாம். சரசுவுக்குக் காது கேட்காது, பேச்சில்லை. பெயர் பதிவேட்டில், பிள்ளை வீட்டில். அம்மை குத்துவதுபோல் பள்ளிக்கூடமும் வருஷத்துக்கு ஒரு நாள் காரியம் என்றே மயிலாத்தாள் நினைத்திருக்கிறாள்.

பெயரை அடித்தால் டீச்சர் வேலை போகும். சரசுவும் அப்புறம் இந்தப் பக்கம் வரப்போவதில்லை. அடிக்காவிட்டால் நான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டவள். பேனாவை மூடினேன். “இன்னும் முடியலீங்க. நாளைக்கும் கூட்டீட்டு வாங்க.”

“நாளைக்குமுங்களா?”

மற்ற மூவர் வீட்டுக்கும் அப்படியே சொல்லியனுப்பினேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல். திரும்பும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

ஜூலை 9. செவ்வாய்.

வந்துவிட்டாள். நாலு பேருமே வந்துவிட்டார்கள். இன்று எண்ணெய் இல்லை, பரட்டைத் தலை. நல்லது.

தங்கமணி டீச்சர் போர்டைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்கிறவர். பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று சொல்லச் சொன்னேன். சரசு கண்ணை அவர் உதட்டிலிருந்து எடுக்கவில்லை. “பூ” என்றார். இவளும் உதட்டைக் குவித்தாள். சத்தம் இல்லை, உதடு அப்படியே சரி. நானும் உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில்தான்.

டீச்சர் அழுதுவிட்டார். “நாலு வருசமா எம்பட வேலையக் காப்பாத்திக் குடுத்தது இவதானுங்க மேடம். ஒரு நாளும் நான் இவ மூஞ்சியப் பாத்துப் பேசுனதில்லீங்க.”

செய்ய வேண்டியவை:
சரசு முதல் பெஞ்ச்.
போர்டில் எழுதும்போது டீச்சர் பேசக் கூடாது.
படமும் சொல்லும் சேர்ந்த அட்டைகள் (பழைய காலண்டர் போதும்).
பாலக்காட்டில் காது டாக்டருக்குக் கடிதம்.
மற்ற மூவரில் ஒருவனுக்குப் பார்வை மங்கல், கண்ணாடி.
செருப்பு.

தூக்கம் வரவில்லை. காப்பி குடித்தது தப்பு.

ஜூலை 26. வெள்ளி.

சொல்லாமல் கொள்ளாமல் போனேன். நாலு பேரும் இருந்தார்கள். இந்த மூன்று வாரத்தில் சரசுவுக்கு இரண்டு நாள்தான் லீவு, அதுவும் காய்ச்சலால். சிலேட்டில் “ஆடு” எழுதி, பக்கத்தில் ஆடும் போட்டுக் காட்டினாள். ஆட்டுக்கு ஐந்து கால். அதிலொன்று வாலாம், கையை ஆட்டி ஆட்டி என்னிடம் சண்டைக்கு வந்தாள். எவ்வளவு கோபம் அதற்கு! கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

தலையெண்ணலில் இன்றுதான் கையெழுத்துப் போட்டேன். மனசறிந்து போட்டேன்.

நாலு மணிக்கு மயிலாத்தாள் வந்தாள். சேலைக்குப் பின்னால் இன்னொரு பெண், ஆறு வயதிருக்கும்.

“இவ சின்னவளுங்க. இவளுக்குங் காது கேக்காதுங்க. ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லீங்க. இவளையும் எண்ணிக்குவீங்களா?”

பதிவேட்டைத் திறந்து பெயர் கேட்டேன். மயிலாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். கூப்பிட்டுப் பழக்கமில்லையாம்.