பேச வராதவர்களின் காலில் சங்கிலி

அனுப்புநர்
கு. புஷ்பலதா,
பேச்சுப் பயிற்சியாளர்,
அரக்கோணம்.

பெறுநர்
வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
திருத்தணி.

பொருள்: பேச இயலாதவர்களைப் பைத்தியம் எனக் கட்டிவைத்துள்ள தனியார் காப்பகத்திலிருந்து ஓர் இளம்பெண்ணை இன்றே மீட்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று பார்த்ததைத் தங்கள் அலுவலக வாசலில் அமர்ந்து அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருப்பின் பொறுத்தருள்க.

1. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஸ்கூட்டரில் சென்று, பேச்சு வராதவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே பயிற்சி தருவது என் பணி.

2. பள்ளிப்பட்டை அடுத்த சிற்றூரில் விவசாயி திரு. பரசுராமன் தை மாதம் பக்கவாதத்தால் பேச்சிழந்தார். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். ஆனால் தண்ணீர் கேட்க வாயெடுத்தாலும் ஒரு கெட்ட வார்த்தைதான் வெளியே வரும். வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுவார். இது மூளையில் ஏற்பட்ட பாதிப்பு, பைத்தியமல்ல என்று வீட்டாரிடம் பலமுறை விளக்கியிருந்தேன். மனைவி அம்சா மட்டும் புரிந்துகொண்டார்.

3. ஆடிக் கிருத்திகைக்கு வந்த சம்பந்தி வீட்டாரை "வாங்க" என்று அழைக்க முயன்றபோதும் அதே வார்த்தை வந்துவிட்டது. அவர்கள் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். மறுநாள் அம்சா வயலுக்குப் போயிருந்த நேரத்தில், திரு. பரசுராமனின் தம்பி அவரைத் திருத்தணிக்கு வெளியே, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அசிங்க அசிங்கமா பேசிகினு இருந்தா வூட்ல எப்பிடி மேடம் வெச்சிக்கிறது?" என்றார்.

4. நேற்று அம்சாவுடன் அங்கே சென்றேன். தகரக் கொட்டகை. திரு. பரசுராமனின் கணுக்காலில் நாய்ச் சங்கிலி; அதன் மறுமுனை ஒரு கம்பத்தில். வாயில் துணி கட்டியிருந்தார்கள். நான் துணியை அவிழ்த்ததும் அந்தக் கெட்ட வார்த்தையே திரும்பத் திரும்ப வந்தது. அம்சாவோ, கணவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைப் போல, "ஆங், நான்தான் பாவா வந்திருக்கேன். வூட்டுக்குப் போலாம், வா" என்றார். அம்சா மனைவி என்பதால் திரு. பரசுராமனை அவருடன் அனுப்பிவைத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார்.

5. அதே கம்பத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும் கட்டப்பட்டிருக்கிறார். "அது ஊமைம்மா, பேயி புடிச்சிகீது" என்றார் காப்பாளர். நான் சைகையில் கேட்டேன். ஐயா, அந்தப் பெண் சைகையில் தெளிவாகப் பதில் சொன்னார்! காது கேட்காதவர்களுக்கான பள்ளியில் படித்தவர். பெயர் அபி என்று மண்ணில் எழுதிக் காட்டினார். தன்னை ஏன் கட்டியிருக்கிறார்கள் என்று என்னிடமே கேட்டார். அவிழ்க்கச் சொன்னதற்கு, "இட்டாந்து வுட்டவங்க வந்தாதான் அனுப்புவோம்" என்று மறுத்துவிட்டார்கள். இன்னும் சிலரும் அங்கே கட்டுண்டு கிடக்கிறார்கள். அவர்களிடம் பேசக்கூட என்னை விடவில்லை.

எனவே தாங்கள் காவல் துறையினருடன் நேரில் வந்து அபியை விடுவித்து, மற்றவர்களையும் மருத்துவர் கொண்டு பரிசோதிக்கச் செய்ய வேண்டுகிறேன். வழிகாட்டவும், அபியின் சைகையைத் தங்களுக்கு எடுத்துச் சொல்லவும் தங்கள் அலுவலக வாசலிலேயே காத்திருக்கிறேன்.

மீண்டும் எப்போது வருவீர்கள் என்று அபி கேட்டபோது, "நாளை" என்று சைகை காட்டிவிட்டு வந்தேன். அந்த நாள் இன்றுதான், ஐயா.

இடம்: திருத்தணி
நாள்: 22.08.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கு. புஷ்பலதா