நான் குடியிருக்காத பராஸ்தி

நானா,

நேற்று பேத்தி என்னையும் என் வீட்டுக்காரரையும் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். எண்ணெய்ப் பணம் வருவதற்கு முந்தைய வீடுகளை வெட்டவெளியில் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காற்றுக் கோபுரம் வைத்த வியாபாரி வீட்டைத் தாண்டி, ஈச்சமட்டையில் கட்டிய பராஸ்திக் குடிசை ஒன்றின் முன்னால் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. வெயிலில் காய்ந்த மட்டையின் வாடை. அப்படியொரு வீட்டில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் எழுபதுகளில் என் வீட்டுக்காரர் லீவில் ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தால், சென்ட், சோப்பு வாசனைக்கெல்லாம் முந்திக்கொண்டு இதுதான் வெளியே வரும். எனக்கு அப்போதே பிடிக்காது.

துபாய் தேராவில் துணிக்கடை வேலை பார்த்துக்கொண்டு அவரும் அவர் கூட்டாளியான நீங்களும் ஒரே பராஸ்தியில் நான்கு வருடம் இருந்தீர்கள். எனக்குக் கிடைத்ததோ கல்யாண மருதாணி அழியும்வரைதான். அப்புறம் எனக்கு விசா வந்து, நாங்கள் ஃபிளாட்டில் குடியேறினோம். இனி அவர் எனக்குத்தான் என்று நினைத்தேன். எனக்கு நானா, அண்ணன் முறை என்று வெள்ளிக்கிழமை தவறாமல் கறி வாங்கிக்கொண்டு வந்து நிற்பீர்கள். நான் வைத்த முதல் மீன் குழம்பைப் பார்த்துவிட்டு என்ன சொன்னீர்கள்? "தங்கச்சி, மாப்ளைக்கு மீன் தலை ஆகாது. தனியா எடுத்து வச்சிரும்மா." என் புருஷனுக்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்கு நீங்கள் சொல்கிறீர்கள்! சட்டியோடு தூக்கித் தெருவில் போடலாமா என்றிருந்தது.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. அவர் போர்வையை வாளியில் முக்கி, ஒரு முனையை என்னிடம் நீட்டினார். பராஸ்தியில் ஈரப் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவீர்களாம். "பிடி மாப்ளே" என்றார், உங்களைக் கூப்பிடுவதுபோல் என்னைப் பார்த்து! எதிரெதிராக முறுக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவர் சுற்றிய போக்கிலேயே நானும் சுற்ற, தண்ணீரெல்லாம் என் புடவையில்தான். "அவன்னா கண்ண மூடிக்கிட்டுப் பிழிவான்" என்று சிரித்தார். அந்த வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்தேன். நீங்களோ இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன வருடம் நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து அவருக்குப் பேச்சும் குறைந்துவிட்டது, மறதியும் வந்துவிட்டது. நேற்று குடிசைக்குள் நுழைந்ததும் முகமே மாறிப்போனது.

"கிராண்ட்பா, ஏசி இல்லாம எப்படி இருந்தீங்க?" என்று பேத்தி கேட்டாள்.

அவ்வளவுதான், கதை கிளம்பிவிட்டது. அரை மணி நேரம் பேசினார். அதில் ஒரு வரியில்கூட நான் இல்லை.

"ஒரு நாள் மழை புடிச்சுது பாரு, கூரை பொத்துக்கிட்டு ஊத்துது. நானும் அவனும் முதல்ல எதைத் தூக்கிக்கிட்டு ஓடினோம் தெரியுமா?" என்றவர் அங்கேயே நின்றுபோனார். ஞாபகம் வரவில்லை. இடது பக்கம் திரும்பினார். எங்கே உட்கார்ந்தாலும் நீங்கள் உட்காரும் பக்கம் அது. அங்கே யாருமில்லை. பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஸ்டவ்வை" என்றேன். "நெய்ச்சோறு பாதி வெந்திருந்துச்சு. சட்டியை நானா தூக்கினாரு, ஸ்டவ்வை நீங்க தூக்கினீங்க. பெட்டியும் அதுல இருந்த நம்ம கல்யாண போட்டோவும் நனைஞ்சா நனையட்டும்னு விட்டுட்டீங்க."

"ஆமா, ஸ்டவ்வு!" என்று அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கிராண்ட்மா, நீங்களும் இங்க இருந்தீங்களா?" என்றாள் பேத்தி.

இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை அடுப்படியில் நின்று வயிறெரியக் கேட்டவள் நான். ஒன்றையும் மறக்கவில்லை. அவர் மறக்க மறக்க, அந்த நான்கு வருடமும் என் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. உங்களுக்குப் பதில் இனி நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், கொடுப்பேன்.

இருந்தாலும் நானா, அவர் முதலில் திரும்பியது உங்கள் பக்கம்தான்.