அண்ணனுக்கு மட்டும் கிடைத்த தீர்ப்பு

செல்ல மகளே,

உன்னைத் தத்தெடுத்து வளர்க்கும் லோரெய்ன் அம்மா படித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை உன்னிடம் தருவார். அதுதான் முறை.

யாக்கிமா ஊர் நீதிமன்றம் நேற்று உன் அண்ணன் வெஸ்லியை என்னிடம் திருப்பிக் கொடுத்தது. என் தாயுரிமையைப் பறித்த அதே நீதிமன்றம்தான். மனு போட்டவன் அவன். தத்தெடுக்க ஆளில்லாமல் வீடு வீடாக மாறி வளர்ந்த பிள்ளை கேட்டால், இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. தீர்ப்புக்கு முன் ஆறு மாதம் என்னோடு இருந்து பார்க்கச் சொன்னார்கள், இருந்தான்.

நீதிபதி ஆணையை வாசித்து முடித்ததும் வெஸ்லி எழுந்து நின்றான்.

“அப்போ என் தங்கச்சி?”

“அவளைத் தத்து கொடுத்தாச்சுப்பா. அவளுக்கு அம்மா இருக்காங்க. இதுல நான் பண்றதுக்கு ஒண்ணுமில்ல.”

“எங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்லதானே பிரிச்சீங்க?”

வக்கீல் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அன்று லோரெய்ன் உன்னை மட்டும் தத்துக் கேட்டார். அவன் கோபக்காரன், அவனை யாரும் கேட்கவில்லை. அதற்காக எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். யாரும் கேட்காததால்தான் இன்று அவன் என்னிடம் வர முடிந்தது.

காரில் ஏறியதும் வெஸ்லி பொரிந்து தள்ளினான்.

“நீ ஏம்மா ஒண்ணுமே கேக்கல?”

“அவ அங்க நல்லா இருக்காடா.”

“சரி, நீ கேக்க வேணாம். என்னை அவ அண்ணன் இல்லைன்னு எந்தக் கோர்ட்டும் சொல்லலையே!”

அதனால் எனக்கு நீ பதில் எழுத வேண்டாம், கண்ணே. அவனுக்கு எழுது.

உன்னைப் பெற்றவள்